சின்சினாட்டி ஜெர்மானியக் குடும்பம்: எரிந்த நீதிமன்றத்தைத் தாண்டி வேரைத் தேடுவது எப்படி?

செம்பருத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மருமகள் ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டியைச் சேர்ந்தவர். பேரனுக்காக இரு பக்கத்து வமிசாவளியையும் எழுதிவைக்க முனைந்திருக்கிறேன். எங்கள் பக்கம் பெரியவர்களைக் கேட்டே எழுதி முடித்தாயிற்று. மருமகள் பக்கத்தில், சம்பந்தியம்மாளின் பாட்டனாருக்கு மேல் யாருக்கும் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. அந்தப் பாட்டனாரின் தந்தை ஜெர்மனியிலிருந்து வந்தவர், சின்சினாட்டியின் ஓவர் தி ரைன் பகுதியில் குடியிருந்து பீர் ஆலைகளுக்குப் பீப்பாய் செய்துகொடுத்தவர் என்பது மட்டும் குடும்பத்தில் வழங்கிவரும் செய்தி. நியூயார்க் துறைமுகத்துக் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் வந்து இறங்கியபோது அதிகாரிகள் அவருடைய பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள்.

ஸ்பிரிங் குரோவ் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல் இருக்கிறது. 1891 மார்ச் 14 அன்று இறந்தார் என்றும், வயது 58 ஆண்டு, 7 மாதம், 11 நாள் என்றும் அதில் பொறித்திருக்கிறார்கள். பக்கத்தில் மனைவியின் கல்லில் பெயரும் 1907 என்ற இறந்த ஆண்டும் மட்டுமே உள்ளன. இணையத்தில் காணப்படும் வமிசாவளி ஒன்று அவரை ஹனோவர்க்காரர் என்கிறது, இன்னொன்று ப்ரஷ்யாக்காரர் என்கிறது. அவருடைய சொந்த ஊர் எது, அந்த அம்மாளின் பிறந்த வீடு எது என்ற இரண்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ஓலைச்சுவடி எழுதியது:

வணக்கம் அம்மா. முதலில் எல்லிஸ் தீவை ஒதுக்கிவிடலாம். அந்த நிலையம் திறக்கப்பட்டது 1892 ஜனவரி 1 அன்று, அதற்குள் உங்கள் மனிதர் இறந்து ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டன. பெயர் மாற்றக் கதை அனேகமாக எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. ஆனால் அங்கிருந்த அதிகாரிகள், கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிக் கொண்டுவந்த பட்டியலை வைத்துக்கொண்டு ஆளைச் சரிபார்த்தார்களே தவிர, புதிதாகப் பெயர் சூட்டவில்லை. முல்லர் மில்லர் ஆனதும் ஷ்மிட் ஸ்மித் ஆனதும் பெரும்பாலும் வந்து குடியேறிய பிறகு, அண்டை அயலாரும் முதலாளிகளும் அழைத்த வழக்கில் நடந்தவை. சின்சினாட்டிக்கு வந்த ஜெர்மானியர்கள் பலர் பால்டிமோரிலோ நியூ ஆர்லியன்ஸிலோ இறங்கி, அங்கிருந்து ரயிலிலோ ஆற்றுப் படகிலோ வந்தவர்கள். ஆகவே நியூயார்க் பட்டியல்களை மட்டும் துழாவிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

கல்லில் உள்ள வயதைக் கழித்தால் 1832 ஆகஸ்ட் 3 என்ற பிறந்த நாள் கிடைக்கிறது. இது பயனுள்ள தேதிதான். ஆயினும் அந்த எண்ணைச் சொன்னவர் மனைவியோ மகனோதான், அவர்களில் எவரும் அந்தப் பிறப்பைக் கண்டவர் அல்லர். இந்தத் துறையில் எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் இதில் உள்ளதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்ற இரண்டையும் கேட்டுக்கொண்ட பிறகே அதற்குரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஒரே கல்லில் இறந்த தேதியை நம்பலாம், பிறந்த தேதியை அவ்வளவு நம்பக் கூடாது.

ஹனோவர், ப்ரஷ்யா என்ற இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஹனோவர் தனி அரசாக இருந்து 1866ஆம் ஆண்டுப் போரில் தோற்று, ப்ரஷ்யா என்ற பெரிய ஜெர்மானிய அரசுடன் இணைக்கப்பட்டது. ஒரே கிராமத்தில் பிறந்தவர் 1860 கணக்கெடுப்பில் ஹனோவர் என்றும் 1870இல் ப்ரஷ்யா என்றும் எழுதப்பட்டிருப்பது இயல்பு. இரண்டு வமிசாவளிகளும் வெவ்வேறு ஆண்டுக் கணக்கெடுப்புகளைப் பார்த்து எழுதப்பட்டவை என்றே எண்ணுகிறேன்.

மகனிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். ஒஹாயோவில் மாநில அளவிலான பிறப்பு, இறப்புப் பதிவு 1908 டிசம்பரில்தான் தொடங்கியது. 1908 முதல் 1953 வரையிலான இறப்புச் சான்றுகளை ஃபேமிலிசர்ச் என்ற வமிசாவளித் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். மகனின் சான்றில் தந்தை, தாய் பெயர்களும், தாயின் கன்னிப் பெயருக்கு ஓர் இடமும், தகவல் சொன்னவரின் பெயரும் இருக்கும். பெற்றோர் இருவரும் அதற்கு முன்பே இறந்துவிட்டதால் அவர்களுக்கு அத்தகைய சான்று கிடையாது. 1867 முதல் 1908 வரை இந்தப் பதிவு கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவின், ப்ரோபேட் நீதிமன்றத்தின் (உயில், வாரிசுரிமைகளைக் கவனிக்கும் நீதிமன்றம்) பொறுப்பில் இருந்தது. அதில் விடுபட்டவர்கள் ஏராளம். ஆனால் சின்சினாட்டி நகரச் சுகாதாரத் துறை தனியாக வைத்திருந்த 1865 முதல் 1912 வரையிலான பிறப்பு, இறப்பு அட்டைகள் இப்போது சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்தில் உள்ளன. உங்களுக்குரிய முதல் வாசல் அதுதான்.

வடக்குவாசல் எழுதியது:

இவ்வளவு சிரமம் தேவையா? இணையத்தில் அந்தக் குடும்பத்துக்கே பல வமிசாவளிகள் இருக்கும்போது, எல்லாவற்றிலும் ஒத்துவருவதை எடுத்துக்கொண்டால் போதாதா? மரபணுச் சோதனை ஒன்றும் செய்துவிட்டால் மீதியும் தெரிந்துவிடும்.

ஓலைச்சுவடி எழுதியது:

தம்பி, ஒருவர் எழுதியதைப் பலர் நகலெடுத்தால் அது பல சாட்சிகள் ஆகிவிடாது. அந்த வமிசாவளிகளைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே என்ன ஆவணம் இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் இன்னொரு வமிசாவளியின் சுட்டி மட்டுமே இருக்கும். மரபணுச் சோதனை உறவு உண்டா இல்லையா என்பதையும், ஏறத்தாழ எவ்வளவு நெருக்கம் என்பதையும் சொல்லும். ஊர்ப் பெயரையோ அந்த அம்மாளின் தகப்பனார் பெயரையோ அது சொல்லாது. ஒத்துவரும் ஆள் ஒருவர் கிடைத்தாலும், அவர் எந்தக் கிளை என்று அறிய மறுபடியும் ஆவணத்துக்கே வர வேண்டும்.

நிலஅளவையர் எழுதியது:

நான் சின்சினாட்டி அடங்கிய ஹாமில்டன் கவுண்டியிலேயே வசிக்கிறேன். செம்பருத்தி அம்மா அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது 1884 தீ விபத்தைப் பற்றி. அதை விபத்து என்பதைவிட எரிப்பு என்பதே சரி. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில், ஒரு கொலை வழக்கில் நடுவர் குழு குற்றத்தைக் குறைத்துத் தீர்ப்புச் சொன்னதால் மக்கள் கொதித்தெழுந்தார்கள். மூன்று நாள் நடந்த கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், கவுண்டி நீதிமன்றக் கட்டடமும் தீக்கிரையானது. உங்கள் குடும்பத் திருமணம் 1850களின் இறுதியில் நடந்திருக்கும் என்று கொண்டால், அதன் மூலப் பதிவு அங்கே இருந்திருக்கும்.

இதைக் கேட்டதும் பலர் தேடலைக் கைவிட்டுவிடுகிறார்கள். அது தவறு. எரிந்த பின்பு மக்கள் தங்களிடமிருந்த சான்றுகளையும், தேவாலயங்கள் தங்களிடமிருந்த குறிப்புகளையும் கொண்டுவந்து மீண்டும் பதிவு செய்தார்கள். அவ்வாறு மீட்டெழுதப்பட்ட திருமணத் தொகுதிகள் இன்றும் உள்ளன. ப்ரோபேட் நீதிமன்றத்தின் தளத்தில் பழைய ஏடுகளின் படங்களையே பார்க்கலாம். பெயரைத் தட்டச்சு செய்து தேடி இல்லை என்றவுடன் விட்டுவிடாமல், ஏட்டின் அட்டவணைப் பக்கத்தைத் திறந்து, அந்த முதல் எழுத்தின் கீழ் வரும் எல்லாப் பெயர்களையும் கண்ணால் பாருங்கள். ஜெர்மானியப் பெயரைக் காதால் கேட்டு எழுதிய ஆங்கில எழுத்தர்கள் செய்த கோலம் எந்தத் தேடுபொறிக்கும் பிடிபடாது.

அங்கும் கிடைக்காவிட்டால், கவுண்டிக்கு வெளியே அதே செய்தி வேறு எங்கே பதிவாகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். அவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றினாரா? சின்சினாட்டி ஜெர்மானியர்கள் திரண்டு சேர்ந்த 9ஆம் ஒஹாயோ காலாட்படை புகழ்பெற்றது. 1832இல் பிறந்தவருக்குப் போர் தொடங்கிய 1861இல் 29 வயதுகூட நிரம்பியிருக்காது. படையில் இருந்து, மனைவி பின்னர் விதவை ஓய்வூதியம் கேட்டிருந்தால், தனக்குத் திருமணம் ஆனதை அவர் வாஷிங்டனிலுள்ள மத்திய அரசுக்கு மெய்ப்பித்தாக வேண்டும். சின்சினாட்டியில் எரிந்துபோன திருமணப் பதிவுக்கு ஈடாக அவர் கொடுத்த வேறு சான்று, அந்த விண்ணப்பக் கோப்பில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கக்கூடும்.

நிலம் வாங்கியிருந்தால் பத்திரங்களையும் பாருங்கள். நம் ஊரில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதைப் போலத்தான், விற்றவர் அட்டவணை ஒன்று, வாங்கியவர் அட்டவணை ஒன்று என்று இரண்டு இருக்கும். விற்பனைப் பத்திரத்தில் மனைவி தன் பங்குரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுவது வழக்கம் என்பதால், எந்த ஆண்டில் மனைவி யார் என்பது அதிலிருந்து தெரியும். தகப்பனார் இறந்த பின் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து விற்ற பத்திரம் ஒன்று அகப்பட்டால், மருமகன்களின் பெயர் உட்பட ஒரு தலைமுறை முழுவதும் ஒரே பக்கத்தில் கிடைத்துவிடும்.

தாமரைக்குளம் எழுதியது:

கல்லறைத் தோட்டங்களில் எழுத்துகளைப் படியெடுக்கும் தன்னார்வப் பணியில் இருப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். செம்பருத்தி அம்மா கல்லை மட்டும் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது. கல்லைவிட அலுவலகத்தில் உள்ள அடக்கப் பதிவே முக்கியம். ஸ்பிரிங் குரோவ் 1845இல் தொடங்கப்பட்டது, 700 ஏக்கருக்கும் மேல் பரந்தது. அடக்க அட்டைகளின் படங்களைத் தோட்டத்தின் தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். பிறந்த இடம், கடைசியாகக் குடியிருந்த தெரு, இறந்த நோய், அடக்கம் செய்த நாள், பகுதி எண், மனை எண் ஆகியவற்றோடு, பழைய அட்டைகள் பலவற்றில் பெற்றோர் பெயரும் இருக்கும்.

மனை எண்ணைக் கொண்டு, அதே மனையில் அடக்கமான மற்ற அனைவரின் அட்டைகளையும் எடுங்கள். மனையை வாங்கியவர் யார் என்றும் பாருங்கள். கல் வைக்கப் பணம் இல்லாத குடும்பங்கள் குழந்தைகளைக் கல் இல்லாமலேயே புதைத்தன. தரையில் புல்லைத் தவிர ஒன்றும் தெரியாத இடத்தில் அட்டைகளின்படி நான்கைந்து பேர் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வேற்றுக் குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் அதே மனையில் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய மனையில் அந்நியரை எவரும் எளிதில் புதைக்க மாட்டார்கள்.

அடக்க நாள் இறந்த நாளுக்குப் பல ஆண்டுகள் பிந்தியதாக இருந்தால் வியக்க வேண்டாம். நகருக்குள் இருந்த பழைய இடுகாடுகள் மூடப்பட்டபோது உடல்களை ஸ்பிரிங் குரோவுக்கு மாற்றினார்கள். சின்சினாட்டியின் இன்றைய வாஷிங்டன் பூங்காவே ஒரு காலத்தில் இடுகாடுதான். அதே போல, கல்லும் இறந்த ஆண்டிலேயே நட்டதாக இருக்க வேண்டியதில்லை. 1850இல் இறந்தவர்களின் பெயர்கள் பளபளக்கும் கிரானைட்டில் இயந்திர எழுத்தில் இருந்தால், அது பேரப்பிள்ளைகள் பின்னாளில் வைத்த கல் என்று கொள்ளலாம். அக்காலத்துக் கற்கள் பெரும்பாலும் சலவைக்கல்லும் மணற்கல்லும்தான். சாம்பல் நீல நிறத்தில், எழுத்துகள் நேற்று வார்த்தவை போலக் கூர்மையாக நிற்கும் சின்னங்கள் சில தென்படும். அவை கல்லே அல்ல, துத்தநாக வார்ப்பு. தட்டினால் உள்ளே வெற்றிடம் ஒலிக்கும். 1870களிலிருந்து முதல் உலகப் போர்க் காலம் வரை விற்கப்பட்டவை அவை.

வடக்குவாசல் எழுதியது:

மங்கிய எழுத்துகளின் மேல் சவர நுரையைத் தடவி வழித்தால் நன்றாகத் தெரியும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

தாமரைக்குளம் எழுதியது:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நுரையிலுள்ள அமிலமும் எண்ணெய்ப் பொருள்களும் சலவைக்கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும், எவ்வளவு கழுவினாலும் முழுவதும் போகாது. சுண்ணக்கட்டி, கம்பித் தூரிகை, வெளுப்பு நீர், அழுத்த நீர்ப் பீச்சி எல்லாமே கூடாது. கல் உதிர்கிறதா என்று முதலில் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மணல் போல ஒட்டிக்கொண்டு வந்தால் ஒன்றுமே செய்யக் கூடாது. எழுத்தைப் படிப்பதற்கு வெளிச்சமே போதும். முகம் பார்க்கும் நீளக் கண்ணாடி ஒன்றைக் கல்லுக்குப் பக்கவாட்டில் பிடித்து, வெயிலைக் கல்லின் முகத்தில் சாய்வாக விழச் செய்தால், நேராக நின்று பார்க்கும்போது வழுவழுப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்தின் குழி நிழலாக எழும். ஒருவர் கண்ணாடியைப் பிடிக்க இன்னொருவர் படமெடுப்பது எளிது. எடுக்கும்போது கல்லை மட்டும் எடுக்காமல், இரு பக்கத்துக் கற்களும் தெரியுமாறு தள்ளி நின்றும் ஒரு படம் எடுங்கள். இணையத்தில் உள்ள கல்லறைப் படங்களில் பெரும்பாலானவை ஒற்றைக் கல்லாக வெட்டப்பட்டவை. யாருக்குப் பக்கத்தில் யார் என்ற செய்தி அதில் தொலைந்துவிடுகிறது.

செம்பருத்தி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மனை முழுவதன் அட்டைகளையும் எடுத்துப் பார்த்தோம். மனையை 1866இல் வாங்கியவர் எங்கள் குடும்பப் பெயர் கொண்டவர் அல்லர், முற்றிலும் வேறு பெயர். முதல் அடக்கம் அவ்வாண்டு ஆகஸ்டில், எங்கள் குடும்பத்துக் குழந்தை ஒன்று. நோய் காலரா என்று எழுதியிருக்கிறது. அதன் பின் கல் இல்லாத இன்னும் இரண்டு குழந்தைகள். மனையை வாங்கியவரும் 1888இல் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். பிறந்த இடம் எல்லா அட்டைகளிலும் ஜெர்மனி என்றே உள்ளது, ஊர்ப் பெயர் இல்லை.

1900 கணக்கெடுப்பில் அந்த அம்மாளை மகன் வீட்டில் கண்டோம். பெற்ற பிள்ளைகள் 9, உயிரோடு இருப்பவர்கள் 5, நாட்டுக்கு வந்தது 1855 என்று உள்ளது. அப்படியானால் இறந்த நான்கில் ஒன்று இந்த மனையில் இல்லை. அந்த வேற்றுப் பெயர்க்காரர் யாராக இருக்கும்?

ஓலைச்சுவடி எழுதியது:

நல்ல முன்னேற்றம். மனையே 1866இல்தான் வாங்கப்பட்டதால், அதற்கு முன் இறந்த குழந்தை வேறு ஏதேனும் தேவாலய இடுகாட்டில் இருக்கலாம். அந்த மனிதர் அம்மாளின் உடன்பிறந்தவராக இருப்பார் என்பது என் ஊகம். ஊகத்தை எழுதி வைக்காமல் சோதித்துப் பாருங்கள். அவர் இறந்தது 1888இல், அதாவது நீதிமன்றம் எரிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகவே அவருடைய உயிலும் சொத்துக் கணக்கும் இருந்தால் அழியாமல் இருக்க வாய்ப்பு உண்டு. மனைவி மக்கள் இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது. அத்தகையோரின் கோப்பில் உடன்பிறந்தாரையும் அவர்கள் பிள்ளைகளையும் வாரிசுகளாகப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருப்பார்கள். நேரடி முன்னோரின் பெயரையே பிடித்துக்கொண்டு தேடுபவர்கள் முட்டிக்கொள்ளும் சுவரை, பிள்ளையில்லாத மாமன்மார்தான் பெரும்பாலும் திறந்துவிடுகிறார்கள்.

1870, 1880 கணக்கெடுப்புகளில் உங்கள் குடும்பத்தின் பக்கத்து வீடுகளையும் பாருங்கள். அவரும் அதே தெருவில் இருந்திருப்பார்.

நிலஅளவையர் எழுதியது:

இன்னொன்று. 1890 கணக்கெடுப்பு 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் பாழாகி, மிஞ்சியதும் பின்னர் அழிக்கப்பட்டது. ஆனால் அவ்வாண்டில் போர் வீரர்களையும் விதவைகளையும் தனியாக எடுத்த பட்டியலில், ஒஹாயோவுக்குரிய ஏடுகள் தப்பிவிட்டன. உங்கள் மனிதர் 1890இல் உயிரோடு இருந்தவர். படையில் பணியாற்றியிருந்தால் படைப்பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் அதில் இருக்கும்.

செம்பருத்தி எழுதியது:

ஓலைச்சுவடி ஐயா கணித்தது சரியாயிற்று. ப்ரோபேட் ஏட்டில் உயில் இருக்கிறது. தன் கருவிகளையும் வீட்டின் பாதியையும் ‘என் சகோதரிக்கு’ என்று, எங்கள் அம்மாளின் மணமான பெயரைச் சொல்லி எழுதிவைத்திருக்கிறார். ஆக, கன்னிப் பெயர் உறுதியாகிவிட்டது. மகனின் இறப்புச் சான்றில் அந்த இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதியிருந்தார்கள். வீரர் பட்டியலிலும் அம்மாளின் கணவர் பெயர் இருக்கிறது, 9ஆம் ஒஹாயோ காலாட்படைதான். விதவை ஓய்வூதியக் கோப்பின் எண்ணும் அட்டவணையில் கிடைத்தது. தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நகல் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். காத்திருக்கும் நேரத்தில் ஊரைத் தேட ஏதேனும் வழி உண்டா?

ஓலைச்சுவடி எழுதியது:

உண்டு. சின்சினாட்டியில் வெளிவந்த ஃபோல்க்ஸ்பிளாட், ஃபோல்க்ஸ்ஃப்ராயிண்ட் முதலிய ஜெர்மன் நாளிதழ்களில் 1888, 1891 இறப்பு அறிவிப்புகளைப் பாருங்கள். ஆங்கில இதழ்கள் ஒரு வரியில் முடித்துவிடும் இடத்தில், இவை சில சமயம் பிறந்த ஊரையும் சொல்லும். கப்பல் பட்டியலில் அவ்வளவு நம்பிக்கை வைக்க வேண்டாம். 1850இலிருந்து உள்ள ஹாம்பர்க் பட்டியல்கள் பிறந்த அல்லது கடைசியாக வசித்த ஊரைக் காட்டும். ஹனோவர்க்காரர்கள் அதிகம் பயன்படுத்திய பிரெமன் துறைமுகத்தின் அக்காலப் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துபோயின.

ஓய்வூதியக் கோப்பு வந்ததும், மணம் செய்துவைத்த போதகரின் பெயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர் எந்தத் தேவாலயம் என்று நகர விவரக் கையேட்டில் கண்டுபிடித்து, அந்தத் தேவாலயத்தின் பதிவேடு எங்கே இருக்கிறது என்று ஹாமில்டன் கவுண்டி வமிசாவளிச் சங்கத்தில் கேளுங்கள். ஜெர்மன் போதகர்கள் மணமக்களின் சொந்தக் கிராமத்தையும் எழுதி வைப்பது வழக்கம். கிராமம் தெரிந்துவிட்டால், ஹனோவர்ப் பகுதி லுத்தரன் தேவாலயங்களின் பதிவேடுகள் ஆர்கியோன் என்ற ஜெர்மன் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. அங்கே 1832 ஆகஸ்ட் முதல் வாரத்து ஞானஸ்நானங்களைத் தேடுங்கள். பழைய ஜெர்மன் கையெழுத்து முதலில் கோழிக் கிறுக்கலாகத் தோன்றும். பக்கத்தின் படத்தை இங்கே இடுங்கள், படித்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறோம்.